வாஷிங்டன் சட்டம் போட்டால் ஷெரிப் ஏன் கேட்க மாட்டார்?

3 ஆகஸ்ட் 2025, காலை

என் கேள்வி இதுதான். அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவதற்கு நாடு முழுக்க ஒரே சட்டம் ஏன் இல்லை?

இந்தியாவில் இருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 5ஆவது இனம்: ஆயுதங்கள், துப்பாக்கிகள், தோட்டாக்கள், வெடிபொருட்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கன்னியாகுமரிக்கும் அதுதான், கௌஹாத்திக்கும் அதுதான்.

நான் இருப்பது வட வர்ஜீனியா. பொட்டோமேக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மேரிலாண்ட். அங்கே கைத்துப்பாக்கி வாங்க வேண்டுமானால் முதலில் பயிற்சி வகுப்பு, கைரேகை, அப்புறம் தனியாக ஒரு தகுதி உரிமம். 2013லிருந்து அப்படித்தான். இந்தப் பக்கம் மேற்கே போனால் வெஸ்ட் வர்ஜீனியா. அங்கே எந்த அனுமதியும் இல்லாமல் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நடக்கலாம், 2016லிருந்து. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு எல்லையும் ஒரு மணி நேரத்துக்குள்.

மாநில உரிமை என்ற பெயரில் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். வாஷிங்டனுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட வேண்டும். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

3 ஆகஸ்ட், இரவு

"வாஷிங்டன் சட்டம் போட்டுத்தானே இருக்கிறது, பிரேடி சட்டம் என்ன ஆச்சு?" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்டபோது அவருடைய செய்தித் தொடர்பாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரில் 1993 நவம்பரில் சட்டம் வந்தது. துப்பாக்கிக் கடைக்கு வருபவரின் பின்னணியைச் சரிபார்த்த பிறகுதான் விற்க வேண்டும். கணினி வழி தேசிய முறை தயாராகும்வரை அந்த வேலையை யார் செய்வது? உள்ளூர்க் காவல் தலைவர்கள் செய்ய வேண்டும், ஐந்து வேலை நாளுக்குள், என்று சட்டம் சொன்னது.

மொன்டானாவில் ரவால்லி கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிப் (மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவர்) ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவில் கிரஹாம் கவுண்டி ஷெரிப் ரிச்சர்ட் மாக், இரண்டு பேரும் வழக்குப் போட்டார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஊர் மக்கள், சம்பளம் கொடுப்பதும் அவர்கள், மத்திய அரசு தன் வேலையை எங்கள் மேசையில் கொண்டுவந்து போடக் கூடாது என்றார்கள். 1997 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஸ்கேலியா. மாநில அதிகாரியை மத்திய அரசு தன் திட்டத்துக்கு ஏவலாளாக ஆக்க முடியாது என்பதுதான் சாரம்.

இந்தியாவில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. துப்பாக்கிச் சட்டம் டெல்லியுடையது, உரிமத்தில் கையெழுத்துப் போடுவது மாவட்ட ஆட்சியர். நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணங்கத்தான் மாநிலம் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 256ஆவது பிரிவு சொல்கிறது. "இது டெல்லி வேலை, நான் செய்ய மாட்டேன்" என்று எந்தக் கலெக்டராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பா) இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. டி.என்.பாளையம் பக்கம், மலையடிவாரம். கடலைக்காட்டில் பன்றி இறங்கும். தேர்தல் அறிவித்தால் அடுத்த வாரமே துப்பாக்கியைக் கோணிச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு போய் வாங்கி வருவார். அந்த நேரம் பார்த்துப் பன்றி வந்தால் டின்னைத் தட்டித்தான் விரட்ட வேண்டும். அவர் ஒரு நாள்கூட அதைக் குறையாகச் சொன்னதில்லை.

5 ஆகஸ்ட்

எனக்கு இதில் ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

2007 ஏப்ரலில் நான் கோவையில் மூன்றாம் ஆண்டு பொறியியல். காலையில் விடுதி மெஸ்ஸில் பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்தில் கோபிசெட்டிபாளையம் என்று எங்கள் ஊர்ப் பெயர். ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். கோபியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி.யில் படித்து, கான்பூர் போய், அமெரிக்கா போய், நீரியல் சொல்லிக்கொடுத்த மனிதர். வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். எங்கள் வீட்டில் அவரை யாருக்கும் நேரில் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் அம்மா தொலைபேசியில் அழுதார். நான்கு வருடம் கழித்து நானே வர்ஜீனியாவுக்கு வேலைக்குக் கிளம்பியபோது அம்மா முதலில் கேட்டது, "அதே ஊரா?"

சுட்டவன் துப்பாக்கியைத் திருட்டுத்தனமாக வாங்கவில்லை. கடையில் பணம் கொடுத்து வாங்கினான். இரண்டு முறை, இரண்டு கைத்துப்பாக்கி. இரண்டு முறையும் பின்னணிச் சரிபார்ப்பில் தேறினான். ஆனால் 2005 டிசம்பரிலேயே ஒரு நீதித்துறை அதிகாரி அவனால் அவனுக்கே ஆபத்து என்று கண்டு, மனநல சிகிச்சைக்குப் போகச் சொல்லி உத்தரவிட்டிருந்தார். மத்திய சட்டப்படி அப்படிப்பட்டவருக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. அந்த உத்தரவு வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்டது, சரிபார்ப்புப் பட்டியலுக்குப் போகவே இல்லை.

அனுப்பச் சொல்லி மாநிலத்தை வாஷிங்டன் கட்டாயப்படுத்த முடியாது, காரணம் பிரின்ட்ஸ் தீர்ப்பு. வாஷிங்டனுக்கும் மாநிலத்துக்கும் நடுவே நிற்கும் இந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

6 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் இரண்டு இடம் தப்பு. திருத்துகிறேன்.

ஒன்று. பதிவுகளை அனுப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா கூடாதா என்பதை பிரின்ட்ஸ் தீர்ப்பு முடிவு செய்யவே இல்லை. வெறுமனே தகவல் கேட்கும் சட்டங்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை என்று நீதிபதி ஓ'கானர் தனியாகக் குறிப்பு எழுதியிருக்கிறார். கதவு திறந்தே இருந்தது. ஆனால் நாடாளுமன்றம் அந்த வழியில் போகாமல் பணத்தைக் காட்டிக் கூப்பிட்டது: 2008 ஜனவரியில் வந்த சட்டத்தின்படி, பதிவுகளை ஒழுங்காக அனுப்பும் மாநிலத்துக்கு மானியம்.

இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வர்ஜீனியா பதிவு அனுப்பாத மாநிலம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் மனநலப் பதிவுகளை அதிகமாக அனுப்பிய மாநிலங்களில் ஒன்று அது. கோளாறு வேறு இடத்தில். மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரை மட்டும் அனுப்பினால் போதும் என்று மாநில விதியைப் படித்தார்கள். மத்திய விதியில் வெளிநோயாளியாகப் போகச் சொன்ன உத்தரவும் அடங்கும். இரண்டு அரசுகள், ஒரே மனிதன், இரண்டு வரையறை. சம்பவம் நடந்து இரண்டே வாரத்தில், ஏப்ரல் 30 அன்று, ஆளுநர் டிம் கெய்ன் ஒரு நிர்வாக ஆணையில் அதைச் சரிசெய்தார். வாஷிங்டன் தேவைப்படவில்லை, அரசியலமைப்பைத் தொடவும் தேவைப்படவில்லை.

நேற்று இரவு இதைப் படித்த பிறகு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு தாளை முன்பே எழுதியிருக்கலாமே.

6 ஆகஸ்ட், மாலை

இன்னொன்று. வர்ஜீனியாவில் அப்போது மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம். 1993ல் வந்த விதி. இங்கே மொத்தமாக வாங்கி, ஐ-95 நெடுஞ்சாலை வழியே நியூயார்க் கொண்டுபோய் விற்றதைத் தடுக்க வந்தது. அந்தச் சாலைக்கே இரும்புக் குழாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2007ல் வர்ஜீனியா டெக்கில் சுட்டவன் முதல் துப்பாக்கி வாங்கியது பிப்ரவரியில், இரண்டாவது மார்ச்சில். மாத இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான்.

அந்த விதியை 2012ல் நீக்கினார்கள், 2020ல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

9 ஆகஸ்ட்

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடாது. வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது. மத்திய சட்டம். பச்சை அட்டை (கிரீன் கார்டு) வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை.

நான் வந்த புதிதில் அலுவலகத்தில் ஒருவர், நல்ல மனிதர், "சனிக்கிழமை சுடும் பயிற்சிக் கூடத்துக்கு வா, கற்றுத் தருகிறேன்" என்று கூப்பிட்டார். ஆசையாகத்தான் இருந்தது. அப்புச்சி துப்பாக்கியை என்னைத் தொடவே விட்டதில்லை. கிளம்பும் முன் மதுரைக்கார அண்ணன் ஒருவர் அழைத்து, "தம்பி, உன் விசா என்னன்னு யோசிச்சியா? கையில எடுத்தாலே குற்றம்" என்றார். போகவில்லை. பல வருடம் கழித்து, 2019ல், ரெஹைஃப் வழக்கின் தீர்ப்பைப் படித்தபோதுதான் அவர் எவ்வளவு பெரிய உதவி செய்தார் என்று புரிந்தது. படிப்பு நின்று மாணவர் விசா போன ஒரு இளைஞன், புளோரிடாவில் பயிற்சிக் கூடத்தில் சுட்டதற்காகச் சிறைக்குப் போனான். தன் விசா நிலை அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் அவன் தண்டனையையே அனுபவித்து முடித்துவிட்டான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதே ஹெச்-1பி ஆள் மாநில அரசு கொடுக்கும் வேட்டை உரிமம் ஒன்றை முறையாக வாங்கி வைத்திருந்தால் மத்தியத் தடை அவருக்குப் பொருந்தாது. வாஷிங்டன் பூட்டிய பூட்டுக்கு மாநிலத்திடம் சாவி. கஞ்சா பிடிப்பவர் துப்பாக்கி வாங்கும் விஷயத்தில் இதற்கு நேர் எதிர். வர்ஜீனியாவில் 2021 ஜூலையிலிருந்து பெரியவர்கள் கொஞ்சம் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிக் கடையில் நிரப்பும் 4473 படிவத்தில், உன் மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டப்படி அது குற்றம்தான் என்று அச்சடித்தே இருக்கிறது. அங்கே மாநிலச் சாவி வேலை செய்யாது.

தம்பி, யார் கூப்பிட்டாலும் முதலில் வக்கீலிடம் கேள். நான் சொன்னதை மட்டும் நம்பிப் போகாதே.

12 ஆகஸ்ட்

சுவரின் இந்தப் பக்கமும் ஒரு சண்டை நடந்தது. நான் பார்த்தது.

2019 நவம்பர் தேர்தலில் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் சட்டமன்றம் வேறு கட்சியின் கைக்குப் போனது. துப்பாக்கிச் சட்டங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும், ஒரு மாதத்துக்குள் தெற்கிலும் மேற்கிலும் கவுண்டி கவுண்டியாகத் தீர்மானம் போட்டார்கள்: இது இரண்டாம் திருத்தத்தின் (துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்புத் திருத்தம்) புகலிடம், அந்தச் சட்டங்களை இங்கே அமல்படுத்த மாட்டோம். கவுண்டிகளும் நகரங்களும் சேர்த்து நூற்றுக்கு மேல் போனது எண்ணிக்கை. எங்கள் பக்கத்துக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். உள்ளே இடம் இல்லை. குளிரில் வாகன நிறுத்துமிடத்தில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டோம். எனக்கு முன்னால் நின்ற முதியவர் மாட்டுப்பண்ணைக்காரர். கொயோட்டி (நரி மாதிரி ஒரு விலங்கு) வந்து கன்றுக்குட்டியைத் தூக்குகிறது, போலீஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார். பன்றி இறங்கும் கடலைக்காடு எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் எதிர்வாதம் செய்ய மனம் வரவில்லை.

ஆனால் சட்டப்படி அந்தத் தீர்மானங்களுக்கு எந்தப் பலமும் இல்லை. டிசம்பர் 20 அன்று மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங் அதைத்தான் எழுத்தில் சொன்னார். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரின்ட்ஸ் கட்டிய சுவர் வாஷிங்டனுக்கும் மாநிலத்துக்கும் நடுவில் இருப்பது. மாநிலத்துக்கும் கவுண்டிக்கும் நடுவில் அப்படி எதுவும் இல்லை. வர்ஜீனியாவில் கவுண்டிக்கு மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு.

2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள், பலர் ஆயுதத்தோடு. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஜூலை 1 முதல் சட்டங்கள் அமலுக்கு வந்தன: தனியார் விற்பனைக்கும் சரிபார்ப்பு, ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியை எடுத்து வைப்பது.

13 ஆகஸ்ட்

ஒருவர் ஆஸ்திரேலியாவைப் பார் என்கிறார். பார்த்தேன், அது என் வாதத்துக்கு உதவவில்லை. அங்கேயும் துப்பாக்கி மாநிலங்களின் கையில்தான். கான்பெராவில் இருக்கும் மத்திய அரசுக்கு இறக்குமதியைத் தடுக்கும் அதிகாரம்தான் முக்கியமாக உண்டு. 1996 ஏப்ரல் 28, போர்ட் ஆர்தர், துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்தார்கள். பன்னிரண்டாவது நாள், மே 10 அன்று, எல்லா மாநிலக் காவல் துறை அமைச்சர்களையும் பிரதமர் ஹோவர்ட் ஒரே அறையில் உட்காரவைத்து ஒப்புக்கொள்ள வைத்தார். ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தைத் தானே மாற்றியது. துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்ப வாங்க மருத்துவச் செலவுக்காக மக்கள் கட்டும் மெடிகேர் வரியை ஒரு வருடத்துக்கு 0.2 சதவீதம் ஏற்றினார்கள். ஆறு லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகள் அழிந்தன.

சுவர் அங்கேயும் இருந்தது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பேசினார்கள். ஆனால் மாநிலங்களின் பதிவேடுகளை ஒரே தேசியப் பதிவேடாக இணைப்பது என்று முடிவானது 2023 டிசம்பரில்தான்.

16 ஆகஸ்ட்

முதல் குறிப்பில் எழுதியதை நான் பின்வாங்க வேண்டியிருக்கிறது. பாதியையாவது.

இல்லினாய், சிகாகோ, குக் கவுண்டி மூன்றின் மேலும் மத்திய அரசு இந்த வருடம் வழக்குப் போட்டது. குடியேறியவர்களைப் பிடிக்க உள்ளூர்ப் போலீஸ் உதவ மறுக்கிறது என்பது புகார். போன மாதம் 25ஆம் தேதி நீதிபதி லிண்ட்சே ஜென்கின்ஸ் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பைப் படித்துக்கொண்டே போனால் எதன் மேல் நிற்கிறது தெரியுமா? மாநில ஊழியரை மத்திய அரசு தன் வேலைக்கு இழுக்க முடியாது என்ற அதே கோட்பாடு. ஸ்கேலியா எழுதியது. மொன்டானா ஷெரிப் துப்பாக்கிக்காரர்களுக்காக வாங்கிய தீர்ப்பு.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களைப் பற்றி வேறு எதுவும் எழுத மாட்டேன். அந்த அம்மா இப்போதெல்லாம் குழந்தையைப் பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு விடியும் முன்பே கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். சாலையில் போலீஸ் கார் போனால் குழந்தையின் கையை இறுக்கிப் பிடிக்கிறார். ஊர்ப் போலீஸ்காரர் குடியேற்றத் துறையின் ஆளாக மாறக் கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்குக் காவலாக நிற்பது நான் ஆகஸ்ட் 5 அன்று இடிக்கச் சொன்ன அதே சுவர்.

"இது ஷெரிப் வேலை இல்லை" என்று இங்கே சொல்லிவிட்டு அங்கே "கட்டாயம் செய்" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாளாக இதையேதான் யோசிக்கிறேன்.

17 ஆகஸ்ட்

"அப்படியென்றால் மாநிலம் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?" இல்லை. மிசோரி 2021ல் ஒரு சட்டம் போட்டது: சில மத்தியத் துப்பாக்கிச் சட்டங்கள் எங்கள் மாநிலத்தில் செல்லவே செல்லாது, அவற்றை அமல்படுத்த உதவும் காவல் துறைக்கு 50,000 டாலர் அபராதம். அது செல்லாது என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் உறுதி செய்தது. கை கொடுக்க மறுக்கலாம். சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அதிகாரி தன் ஆட்களோடு வந்து தன் சட்டத்தைத் தானே அமல்படுத்தினால் ஷெரிப் குறுக்கே நிற்க முடியாது.

அதே போல மாநிலம் கடுமையாகப் போகவும் எல்லை உண்டு. 2010ல் உச்ச நீதிமன்றத்தின் மெக்டொனால்ட் தீர்ப்பு இரண்டாம் திருத்தத்தை மாநிலங்களுக்கும் சிகாகோ போன்ற நகரங்களுக்கும் பொருத்தியது. 2022ல் புரூயன் தீர்ப்பு, துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்று நூறு வருடத்துக்கு மேலாக நியூயார்க்கில் இருந்த விதியை நீக்கியது.

24 ஆகஸ்ட்

நேற்று வர்ஜீனியா டெக் இருக்கும் பிளாக்ஸ்பர்க் போய் வந்தேன். நான்கரை மணி நேர ஓட்டம். இத்தனை வருடம் வர்ஜீனியாவில் இருந்தும் போனதில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

மைதானத்தின் ஓரத்தில் அரைவட்டமாக 32 கற்கள். அந்த ஊர்ச் சுண்ணாம்புக் கல், சாம்பல் நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நம் ஊர்க்காரர் லோகநாதன் பெயரைத் தேடி நின்று வாசித்தேன். யாரோ சின்னக் கூழாங்கல் ஒன்றை அதன் மேல் வைத்திருந்தார்கள். வகுப்பு தொடங்கும் வாரம் என்பதால் பக்கத்தில் புது மாணவர்கள் பெற்றோரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை, கும்பிட்டார்.

திரும்பும் வழியில் தோன்றியது. ஒரே நாடு, ஒரே சட்டம் என்று நான் கேட்டது அந்த வகுப்பறையைக் காப்பாற்றியிருக்காது. சட்டம் இருந்தது, தடை இருந்தது, உத்தரவு இருந்தது. அந்தத் தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஒரு தடவை பேசியிருக்க வேண்டும். இனிமேல் நான் கேட்பது அதைத்தான். ஒவ்வொரு மாநிலத்திலும் எந்தெந்தப் பதிவு போகவில்லை, யார் அனுப்ப வேண்டும், அதற்கு ஆள் இருக்கிறதா, பணம் இருக்கிறதா. என் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு இந்த நான்கையும் கேள்வியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

30 ஆகஸ்ட்

பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கே போடுகிறேன்.

அப்புச்சி துப்பாக்கி என்ன ஆச்சு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அவர் 2009ல் காலமானார். மாமாவுக்குத் தன் பெயருக்கு உரிமம் மாற்றிக்கொள்ள விருப்பம் இல்லை, முறைப்படி ஒப்படைத்துவிட்டார். பன்றி இன்னும் இறங்குகிறது, இப்போது மின்விளக்கும் டின்னும்தான்.

உரிமப் புத்தகம் மட்டும் பீரோவில் கிடக்கிறது. அம்மா வாட்ஸப்பில் படம் அனுப்பினார். முகப்பில் ஆயுதச் சட்டம், 1959. உள்ளே கலெக்டர் ஆபீஸ் புதுப்பித்த முத்திரைகள், தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைத்ததும் வாங்கியதும். 1996க்கு நேரே ஸ்டேஷன் ரைட்டரின் நீல மைக் கையெழுத்து, பக்கத்தில் அப்புச்சியின் இடது கைப் பெருவிரல் ரேகை. டெல்லியின் பெயர் அட்டையில் மட்டும், மற்றதெல்லாம் நம் ஊர் ஆட்கள் போட்டது. கடைசி இரண்டு பக்கம் படத்தில் மங்கலாக இருக்கிறது. வெளிச்சத்தில் வைத்துத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.